நுனல்லெக்: கடல் தின்னும் கரையில் ஓர் ஊர் எடுத்த முடிவு

தொல்லியல் படித்தவர்களிடம் ஒரு நல்ல விதி உண்டு: தோண்டாமல் இருக்க முடிந்தால் தோண்டாதே. மண்ணுக்குள் இருப்பது மண்ணுக்குள்ளேயே பத்திரமாக இருக்கும், நாளைக்கு இன்னும் நல்ல கருவி வரும், இன்னும் நல்ல கேள்வி வரும், அதுவரை விட்டுவை. ஒருமுறை தோண்டிய இடத்தை இன்னொருவர் மறுபடி தோண்ட முடியாது என்பதால் இது நியாயமான விதிதான். பாரம்பரியச் சின்னங்களுக்கான சட்டங்களும் பெரும்பாலும் இந்த நினைப்பில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. எல்லை வகு, வேலி போடு, பலகை வை, யாரும் தொடாமல் பார்த்துக்கொள்.

மண் எங்கேயும் போகாது என்று இந்த விதி தானாகவே எடுத்துக்கொள்கிறது. அலாஸ்காவின் தென்மேற்குக் கரையில் மண் போய்க்கொண்டே இருக்கிறது. அங்கே குவினஹாக் என்ற யூபிக் இன மக்களின் ஊர், தங்கள் முன்னோர் வாழ்ந்த நுனல்லெக் என்ற பழைய குடியிருப்பை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டி வந்தது. அவர்கள் எடுத்த முடிவு, அதனால் கிடைத்தது, அப்புறம் 2025-இல் அந்த இடத்துக்கு நேர்ந்தது, இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நுனல்லெக்கில் தொழில்நுட்பம் செய்ததைவிட, நிலம் யார் கையில் இருந்தது என்பதும் முடிவெடுக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்பதும் செய்தது அதிகம்.

இடமும் ஆபத்தும்

குவினஹாக் பெரிங் கடலோரத்தில், குஸ்கோக்விம் விரிகுடாவை ஒட்டி, கனெக்டொக் ஆற்றின் கரையில் இருக்கிறது. எழுநூற்றுச் சொச்சம் பேர் வாழும் ஊர். வெளியூரோடு இணைக்கும் சாலை கிடையாது, சிறு விமானம் அல்லது படகுதான். சால்மன் மீன், சீல், மூஸ் மான், கோடையில் பறித்துச் சேர்க்கும் காட்டுப் பழங்கள் என்று இன்றும் சாப்பாட்டில் பெரும்பங்கு சொந்த நிலத்திலிருந்தும் நீரிலிருந்தும்தான் வருகிறது. ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, கடலோரத்திலேயே இருக்கிறது நுனல்லெக். பெயரளவில் தொல்லியல் களம் என்றாலும் அந்த ஊர்க்காரர்களுக்கு அது தாத்தா பாட்டிகள் கதையில் சொன்ன ஊர்.

அந்த இடத்தின் சிறப்பு மண்ணில் இருக்கிறது. பெர்மாஃப்ராஸ்ட் என்று சொல்லப்படும் உறைமண் ஆண்டு முழுக்க உறைந்தே கிடப்பது. காற்று புகாது, நுண்ணுயிர்கள் வேலை செய்யாது. வேறு இடங்களில் பழைய குடியிருப்பு ஒன்றைத் தோண்டினால் கல், எலும்பு, மட்பாண்டம் இவைதான் மிஞ்சும், மரமும் புல்லும் தோலும் எப்போதோ மக்கிப் போயிருக்கும். நுனல்லெக்கில் எல்லாமே மிஞ்சியது. புல்லால் பின்னிய கூடை, மரத்தில் செதுக்கிய முகமூடி, விலங்குத் தோல், மனிதத் தலைமுடி வரைக்கும். வாழ்க்கையில் கல்லால் செய்த பொருள்கள் கொஞ்சம்தானே, மரமும் நாரும் தோலும்தானே அதிகம்! ஆக ஒரு சமூகத்தின் அன்றாடம் இவ்வளவு முழுசாக மண்ணுக்குள் கிடைப்பது மிக அபூர்வம்.

அந்த மண் இளகிக்கொண்டிருக்கிறது. வடதுருவப் பகுதி 1979-லிருந்து உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது என்று 2022-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. கரையோரத்தில் இது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் 'கடல் மட்டம் உயர்கிறது' என்ற ஒற்றை வரியில் இது அடங்காது. முன்பெல்லாம் இலையுதிர் காலத்தில் கடலோரம் சீக்கிரமே பனிக்கட்டியாகிவிடும். அந்தப் பனிக்கட்டி அலைகளை அடக்கி வைக்கும். இப்போது கடல் பனி தாமதமாக உறைகிறது, ஆனால் புயல்கள் வருகிற மாதங்கள் அதேதான். ஆகவே தடுப்பு இல்லாத கரையில் முழு அலையும் அடிக்கிறது. அதே நேரத்தில் உறைந்திருந்தவரை பாறை போல நின்ற கரை மண் இளகிச் சேறாகிவிட்டது. அலை அடிப்பக்கத்தைக் குடைய, மேலே இருக்கிற புல்தரையோடு பெரிய பெரிய கட்டிகளாகக் கரை சரிந்து விழுகிறது. ஒரே புயலில் பல மீட்டர் போய்விடலாம்.

அலை ஒரு பக்கம் இருக்கட்டும், அலையே வராவிட்டாலும் ஆபத்து இருக்கிறது. மண் இளகியதுமே உள்ளே உறங்கிக் கிடந்த நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிவிடும். நூற்றாண்டுகளாக அப்படியே இருந்த மரம் மக்க ஆரம்பிக்கும். அதாவது, கரையில் பெரிய சுவரே கட்டினாலும் உள்ளே அழுகுவதை நிறுத்த முடியாது. சுவருக்கும் தனியாகச் சிக்கல் உண்டு. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவில் ஸ்காரா பிரே என்ற கற்காலக் குடியிருப்பை 1920-களிலிருந்து கடற்சுவர் காக்கிறது, ஆனால் சுவர் முடியும் இடங்களில் அரிப்பு தொடர்கிறது. நுனல்லெக்கைப் போல ஊருக்கு வெளியே ஆளில்லாத கரையில் கோடிக்கணக்கில் செலவழித்துச் சுவர் கட்ட யாரும் முன்வரப் போவதில்லை, வீடுகள் இருக்கும் இடத்துக்கே பணம் போதவில்லை என்பது கீழே வரும்.

வடதுருவப் பகுதியில் பதிவான தொல்லியல் களங்கள் மட்டும் குறைந்தது 1,80,000 என்று 2018-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு கணக்குச் சொல்கிறது. பதிவாகாதவை எத்தனையோ. எல்லாவற்றையும் தோண்ட முடியாது, எல்லாவற்றையும் காக்கவும் முடியாது. இந்த உண்மையை ஒப்புக்கொண்டுதான் பேச்சையே தொடங்க வேண்டும்.

தோண்டலாம் என்று யார் சொன்னது

2000-களின் பிற்பகுதியில் குவினஹாக் மக்கள் கடற்கரையில் நடக்கும்போது மரப்பொருள்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. கரை உடைந்து, பழைய ஊர் துண்டு துண்டாகக் கடலுக்குள் விழுந்துகொண்டிருந்தது. ஊரின் நிலத்தை நிர்வகிக்கும் கனிர்டூக் என்ற கிராம நிறுவனத்தின் தலைவராக இருந்த வாரன் ஜோன்ஸ், அலாஸ்காவில் நீண்ட காலம் வேலை செய்த தொல்லியலாளர் ரிக் நெக்டைத் தொடர்புகொண்டார். நெக்ட் அப்போது ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் இருந்தார்.

ஆனால் ஊர் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. பெரியவர்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை. முன்னோருடைய இடத்தைக் கிளறக் கூடாது என்பது அவர்களுடைய நிலை. இந்தத் தயக்கத்தை 'மூடநம்பிக்கை' என்று தாண்டிப் போகிறவர்கள் ஒரு வரலாற்றை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளின் கல்லறைகளைத் தோண்டி எலும்புகளையும் சடங்குப் பொருள்களையும் அருங்காட்சியகங்கள் கொண்டுபோனது பல தலைமுறைகளாக நடந்தது. அவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டமே 1990-இல்தான் வந்தது. அப்படிப்பட்ட அனுபவம் உள்ள சமூகத்திடம் போய் 'தோண்டலாமா' என்று கேட்டால் யோசிக்கத்தான் செய்வார்கள். பேசிப் பேசித்தான் ஒப்புதல் கிடைத்தது. வாதம் எளிமையானது: நாம் எடுக்காவிட்டால் கடல் எடுத்துக்கொள்ளும், நம் பிள்ளைகளுக்கு எதுவும் மிஞ்சாது.

இந்த இடத்தில் சட்டம் உள்ளே வருகிறது, எனக்கு இதுதான் மொத்த விஷயத்திலும் முக்கியமாகப் படுகிறது. 1971-இல் நிறைவேறிய அலாஸ்கா பூர்வகுடி உரிமைத் தீர்வுச் சட்டம், சுமார் 4.4 கோடி ஏக்கர் நிலத்தையும் 96.25 கோடி டாலர் இழப்பீட்டையும் பூர்வகுடி மக்கள் பங்குதாரர்களாக இருக்கும் வட்டார நிறுவனங்களுக்கும் கிராம நிறுவனங்களுக்கும் கொடுத்தது. அந்தச் சட்டத்தைப் பற்றிப் பல குறைகள் உண்டு, பழங்குடி ஆட்சியமைப்பைக் கம்பெனி வடிவத்துக்குள் அடைத்தது என்று கடுமையாகவே விமர்சிக்கிறார்கள். ஆனால் நுனல்லெக்கைப் பொறுத்தவரை அதனால் ஒன்று நடந்தது. அந்தக் கரை குவினஹாக் மக்களுடைய கிராம நிறுவனத்தின் நிலம். ஆகவே அதிலிருந்து எடுத்த பொருள்கள் அவர்களுக்கே சொந்தம். அதே கரை கூட்டாட்சி அரசின் நிலமாக இருந்திருந்தால், 1979-இன் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டப்படி பொருள்கள் அமெரிக்க அரசின் சொத்து. எங்கே வைப்பது, யார் பார்ப்பது எல்லாமே வேறு அலுவலகத்தில் முடிவாகியிருக்கும்.

இங்கே பல்கலைக்கழகம் கடனாக வாங்கிக்கொண்டு போனது. பதப்படுத்தியதும் திரும்பக் கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் அகழாய்வுச் செலவைக் கிராம நிறுவனமே ஏற்றது, பிறகுதான் பிரிட்டனின் ஆராய்ச்சி நிதி வந்தது. அழைத்தது ஊர், முதலில் காசு போட்டது ஊர், சொத்துரிமை ஊருக்கு. வெளியிலிருந்து வந்த குழு ஊருக்கு வேலை செய்தது. 'சமூகப் பங்கேற்பு' என்று அறிக்கைகளில் எழுதப்படுவதில் பாதிக்கு மேல் ஒரு கூட்டம் போட்டு டீ கொடுத்துக் கையெழுத்து வாங்குவதுதான். இது அந்த வகை அல்ல.

மண்ணுக்குள் இருந்தது

2009-இல் அகழாய்வு தொடங்கி, இடையில் விட்டு விட்டு, 2018 வரை கோடைக்காலங்களில் நடந்தது. கிடைத்த பொருள்கள் ஒரு லட்சம் அளவில். வெளியார் தொடர்புக்கு முந்தைய யூபிக் தொல்பொருள் தொகுப்புகளில் உலகிலேயே இதுதான் பெரியது என்கிறார்கள்.

குடியிருப்பு என்பது பாதி தரைக்குள் இறங்கிய, புல்மண் மூடிய, உள்ளுக்குள்ளேயே அறைகள் இணைந்த பெரிய வீட்டுத் தொகுதி. சுமார் 1570 முதல் 1675 வரை மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்று கதிரியக்கக் கார்பன் காலக்கணிப்பு காட்டுகிறது. தரையில் கிடந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது தலைமுடி. வீட்டுக்குள் வெட்டிப்போட்ட முடிக்கற்றைகள் தரை மண்ணில் அப்படியே இருந்தன. அதில் உள்ள கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளந்து அந்த மனிதர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்: சால்மன் முதன்மை, அதோடு கடல் பாலூட்டிகள், கரிபூ மான். எலும்பைத் தொடாமல், யாருடைய உடலையும் சோதிக்காமல், நானூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு வீட்டின் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்க முடிந்தது. பேன்கள் கூட கிடைத்திருக்கின்றன. இதெல்லாம் உறைமண் இல்லாத இடத்தில் நடக்கவே நடக்காது.

மற்றவை: மீனை அரியப் பெண்கள் பயன்படுத்தும் பிறை வடிவக் கத்தி, கல் அலகும் மரக் கைப்பிடியுமாக. பிள்ளைகளின் மரப் பொம்மைகள். கயாக் படகின் பாகங்கள், அம்பு முனைகள், நீராவியில் வளைத்த மரப் பாத்திரங்கள். மனித முகமும் விலங்கு முகமும் கலந்த முகமூடிகள், சடங்கு முடிந்ததும் கழித்துப் போட்டவை. அந்தப் பிறைக் கத்தியை இன்றைக்கும் குவினஹாக்கில் எந்த வீட்டிலும் பார்க்கலாம், அலகு மட்டும் எஃகாகிவிட்டது. அருகில் வைத்துப் பார்த்தால் வடிவம் அப்படியே இருக்கிறது.

குடியிருப்பு முடிந்த விதம் கொடூரமானது. வில் அம்புப் போர்கள் என்று யூபிக் மக்கள் நினைவில் வைத்திருக்கும் காலம் அது. ஊர் ஊராகச் சண்டை. விளையாட்டில் ஒரு பையன் எறிந்த ஈட்டி இன்னொருவன் கண்ணில் பட்டதாகவும், அடிபட்டவனின் அப்பா பதிலுக்கு அந்தப் பையனின் இரண்டு கண்களையும் பறித்ததாகவும், பழி அங்கிருந்து பரவியதாகவும் சொல்வார்கள். வாய்மொழியாக வந்த கதையில் இந்த ஊர் எரிக்கப்பட்டது என்றும் இருந்தது. தோண்டியபோது எரிந்த கூரை, எரிந்த தூண்கள், நிறைய அம்பு முனைகள், தப்ப முடியாமல் செத்தவர்களின் எச்சங்கள். காலக்கணிப்பு தாக்குதலை 1645-க்கும் 1675-க்கும் இடையில் வைக்கிறது. முன்னூற்றைம்பது ஆண்டுகளாக வாயிலிருந்து காதுக்குப் போன ஒரு செய்தியை மண் அப்படியே ஒத்துக்கொண்டது. பெரியவர்கள் சொல்வதை 'நாட்டார் கதை' என்ற தனிப் பெட்டியில் போட்டுவைப்பவர்களுக்கு இது நல்ல பாடம்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் போர்க்காலம் சிறு பனிக்காலம் என்று அழைக்கப்படும் குளிர்ந்த நூற்றாண்டுகளோடு ஒத்துப்போகிறது. குளிரால் உணவு தட்டுப்பட்டு, அதனால் ஊர்களுக்குள் இறுக்கம் கூடியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் யோசனை. இதை நான் நிரூபணமாகச் சொல்லவில்லை. ஆனால் பருவநிலை மாறும்போது மனிதர்கள் ஒருவரை ஒருவர் எப்படி நடத்துகிறார்கள் என்ற கேள்வியை அந்த இடமே எழுப்புகிறது, அதற்கான தடயத்தைத்தான் இப்போது வேறொரு பருவநிலை மாற்றம் அழித்துக்கொண்டிருக்கிறது.

எடுத்ததைத் திரும்ப வைத்தது

தோண்டி எடுப்பதோடு ஆபத்து முடியாது, அங்கேதான் இன்னொரு ஆபத்து தொடங்குகிறது. நீரில் ஊறிய பழைய மரத்தின் செல்களுக்குள் மரத்தின் சத்து போய்விட்டிருக்கும், அதன் வடிவத்தைத் தாங்கி நிற்பது உள்ளே இருக்கிற தண்ணீர்தான். அப்படியே வெயிலிலோ அறையிலோ காயவிட்டால் செல்கள் ஒடுங்கி, மரம் வெடித்து, முறுக்கிக்கொண்டு, கையில் எடுத்தால் பொடியாகிவிடும். அதனால் எடுத்த நிமிடத்திலிருந்து ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். அப்புறம் பாலிஎத்திலீன் கிளைகால் என்ற மெழுகு போன்ற பொருள் கரைந்த நீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, தண்ணீர் இருந்த இடத்தில் அதை ஏற்றி, பிறகு பதமாக உலர்த்த வேண்டும். பொருள் ஒவ்வொன்றுக்கும் இப்படி. ஒரு லட்சத்தில் பாதிக்குச் செய்வதானாலும் ஆண்டுக்கணக்கில் ஆள் வேண்டும், காசு வேண்டும். மீட்பு அகழாய்வுக்குத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் தோண்டும் செலவைக் கணக்குப் போட்டுவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். தோண்டும் செலவுதான் சின்னது.

பொருள்கள் அபர்டீனுக்குப் போய்ப் பதப்படுத்தப்பட்டு, சொன்னபடியே திரும்பி வந்தன. 2018 ஆகஸ்டில் குவினஹாக்கில், பழைய பள்ளிக் கட்டடத்தில், நுனல்லெக் பண்பாட்டு, தொல்லியல் மையம் திறக்கப்பட்டது. எழுநூறு பேர் வாழும், சாலை இல்லாத ஊரில் ஒரு லட்சம் தொல்பொருள்! பெருநகர அருங்காட்சியகத்தில் வைத்திருந்தால் இன்னும் அதிகம் பேர் பார்த்திருப்பார்கள், வெப்பநிலைக் கட்டுப்பாடு இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று வாதிடலாம். வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அப்படி வைத்திருந்தால் ஊர்ச் செதுக்குக் கலைஞர் ஒருவர் வந்து இழுப்பறையைத் திறந்து, ஒரு கைப்பிடியைப் புரட்டிப் பார்த்து, அதே மாதிரி ஒன்றைச் செய்து பார்த்திருக்க முடியாது. இங்கே அது நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பொருளைப் பார்த்துவிட்டு வீட்டில் பாட்டியிடம் கேட்கிறார்கள், பாட்டி அதன் பெயரையும் பயன்பாட்டையும் சொல்கிறார், சில சமயம் தொல்லியலாளர்களே தவறாகப் பெயரிட்டதைத் திருத்துகிறார். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மிஷனரிகள் தடுத்ததால் அந்த ஊரில் நூறு ஆண்டுக்கும் மேலாக நின்றுபோயிருந்த பாரம்பரிய நடனத்தை, அகழாய்வு நடந்த ஆண்டுகளில் இளைஞர்கள் மறுபடி கையில் எடுத்தார்கள். முகமூடியும் மேளத்தின் பாகமும் மண்ணிலிருந்து வெளியே வந்ததும் ஆடும் ஆசையும் வந்ததில் வியப்பில்லை.

2025 அக்டோபர்

2025 அக்டோபர் இரண்டாம் வாரக் கடைசியில் ஹலோங் என்ற சூறாவளியின் மிச்சம் மேற்கு அலாஸ்காவை அடித்தது. கிப்னுக், குவிகிலிங்கொக் என்ற இரண்டு ஊர்கள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டன. வீடுகள் அடித்தளத்தை விட்டுப் பெயர்ந்து, சில வீடுகள் ஆட்களோடு மிதந்து போயின. உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விமானத்தில் ஏற்றி ஆங்கரேஜ் நகரத்துக்கும் மற்ற இடங்களுக்கும் கொண்டுபோனார்கள். அலாஸ்காவின் வரலாற்றில் மிகப் பெரிய வான்வழி வெளியேற்றங்களில் அதுவும் ஒன்று.

குவினஹாக் ஊர் ஒப்பீட்டளவில் தப்பியது. நுனல்லெக் தப்பவில்லை. சுமார் 18 மீட்டர் கரை ஒரே அடியில் போனது. அகழாய்வு எட்டாமல் மீதி இருந்த பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கான பொருள்கள் கடலில் கலந்தன, கடற்கரை நெடுகச் சிதறின. ஊர் மக்கள் போய்ப் பொறுக்கினார்கள். சுமார் ஆயிரம் பொருள்கள் மீட்கப்பட்டன: முகமூடிகள், பொம்மைகள், கருவிகள். உடனே தண்ணீரில் போட்டு மையத்தில் வைத்தார்கள்.

இந்த ஆயிரம் எப்படிக் கிடைத்தது என்று யோசிக்க வேண்டும். புயல் முடிந்த கையோடு கரையில் கிடப்பது வெறும் மரத்துண்டு இல்லை, முகமூடியின் பாதி என்று அடையாளம் கண்டவர்கள் ஊர்க்காரர்கள். காயவிடக் கூடாது, தொட்டியில் போட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கொண்டுபோய் வைக்க ஊரிலேயே ஓர் இடம் இருந்தது. வெளியூர் நிபுணர் குழு விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் அந்த மரமெல்லாம் காய்ந்து வெடித்திருக்கும் அல்லது அடுத்த அலையில் போயிருக்கும். 2009-இலிருந்து செய்த வேலை ஒரு லட்சம் பொருள்களைக் கொடுத்தது சரி, இந்தத் தேர்ச்சியையும் ஊருக்குள் விட்டுப்போயிருந்தது. என் கணக்கில் இரண்டாவதுதான் பெரிய விளைவு.

அதே சமயம் இழப்பைக் குறைத்துச் சொல்லக் கூடாது. சிதறிய பொருளுக்கு இடச்சூழல் இல்லை. எந்த அறையில், எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டது. முகமூடி கையில் இருக்கிறது, ஆனால் அது முதல் தலைமுறையுடையதா, ஊர் எரிந்த அன்று வீட்டில் இருந்ததா என்று இனிமேல் சொல்ல முடியாது. தோண்டாமல் மிச்சம் இருப்பது எதிர்காலத்துக்கு என்பதுதான் முதலில் சொன்ன விதி. எதிர்காலம் அப்படி வந்தது.

எங்கே சறுக்கியது

2018-க்குப் பிறகு களத்தில் பெரிய அளவில் அகழாய்வு இல்லை. ஆராய்ச்சி நிதி திட்டக்காலத்தோடு முடிந்துவிடும், கரை அரிப்பு முடியாது. இது இந்த ஒரு இடத்தின் குறை இல்லை, உலகம் முழுக்க மீட்பு வேலைக்குப் பணம் வருவது ஆராய்ச்சிக் கணக்கிலிருந்து. புதிய கேள்வி இருந்தால்தான் புதிய நிதி. 'அதே இடம், அதே வேலை, இன்னும் ஐந்து ஆண்டு' என்று விண்ணப்பம் போட்டால் யாரும் கொடுப்பதில்லை. பேரிடர் நிதியோ மறுபக்கம் வீடு, சாலை, குடிநீர் என்று போகிறது, அது போக வேண்டியதும்தான். பாரம்பரியம் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது.

வீடுகளுக்கே என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். அலாஸ்காவின் 213 பூர்வகுடிக் கிராமங்களில் 184 வெள்ளத்தாலும் அரிப்பாலும் ஏதோ ஒரு விதத்தில் பாதிக்கப்படுகின்றன என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2003-லேயே சொல்லிவிட்டது. 2009-இல் 31 கிராமங்களுக்கு ஆபத்து மிக அருகில் என்றது. 2024 தொடக்கத்தில் அலாஸ்கா பூர்வகுடிச் சுகாதார அமைப்பு வெளியிட்ட அறிக்கை, 144 சமூகங்களைக் காக்க 50 ஆண்டுகளில் சுமார் 430 கோடி டாலர் தேவை என்று மதிப்பிட்டது. நியூடொக் என்ற ஊர் மெர்டார்விக் என்ற புது இடத்துக்கு மாறத் திட்டமிட்டு, முதல் குடும்பங்கள் 2019-இல்தான் குடியேறின. அந்தப் பேச்சு தொடங்கியது 1990-களில். கிப்னுக் ஊருக்கு ஆற்றங்கரை அரிப்பைத் தடுக்க ஒதுக்கியிருந்த சுமார் 2 கோடி டாலர் மானியத்தை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2025 மே மாதம் ரத்து செய்தது. அந்தப் பணம் வந்திருந்தாலும் அதே அக்டோபருக்குள் கரையைக் கட்டி முடித்திருக்க முடியாதுதான். ஆனாலும் கோபம் வருகிறது.

ஊரை இடம் மாற்றுவது பற்றிப் பேசும்போது பாரம்பரியத்தைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பது வழக்கம். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. இடம் மாறும் மக்களோடு கல்லறை வராது, மீன் பிடித்த வளைவு வராது, பழம் பறித்த மேடு வராது. புது இடத்தில் எல்லாரும் சேர்ந்து வாழ ஏதாவது ஒன்று பழைய இடத்திலிருந்து கூட வர வேண்டும். எதை எடுத்துப்போவது, எதைக் கடலுக்கு விட்டுவிடுவது என்று முடிவு செய்ய அவர்களுக்கு நேரமும் காசும் வேண்டும். சில சமூகங்கள் 'விட்டுவிடுவோம், முன்னோர் கடலுக்குப் போகட்டும்' என்றும் சொல்லலாம். அதுவும் முடிவுதான், மதிக்க வேண்டிய முடிவு. குவினஹாக் பெரியவர்கள் தொடக்கத்தில் தயங்கியபோது அங்கே அந்தப் பதிலுக்கும் இடம் இருந்தது. அப்படி இருந்ததால்தான் பிறகு அவர்கள் சொன்ன 'சரி'க்கு மதிப்பு.

அப்படியானால் இதே நிலையில் இருக்கும் வேறு கரையோர ஊர் ஒன்று எங்கே தொடங்குவது? தோண்டுவதில் அல்ல என்றே சொல்வேன். நிலமும் பொருளும் சட்டப்படி யாருடையவை என்பதை முதலில் தெளிவாக்க வேண்டும், அது தெரியாமல் நிபுணரை அழைத்தால் பிறகு பொருளைத் திரும்பக் கேட்டு ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுத வேண்டி வரும். அடுத்து, கரையின் ஒரே இடத்திலிருந்து ஒவ்வொரு பருவத்திலும் ஒரே கோணத்தில் படம் எடுத்து, ஒரு முளையடித்து அதிலிருந்து விளிம்பு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்து வைத்தால் போதும், எத்தனை ஆண்டு மிச்சம் என்று ஊரே கணக்குப் போட்டுவிடலாம். இதற்குப் பல்கலைக்கழகம் தேவையில்லை. அப்புறம் புயல் காலத்துக்கு முன்னால் தொட்டிகள், மூடி போட்ட டப்பாக்கள், பெயர் எழுத நனையாத அட்டைகள், வைக்க ஓர் அறை, பயிற்சி பெற்ற நாலு பேர். இவற்றை ஊரின் பேரிடர்த் திட்டத்தில், உணவுக்கும் எரிபொருளுக்கும் அடுத்த வரியில் எழுதிவிட வேண்டும். தனியான பாரம்பரியத் திட்டத்தில் எழுதினால் புயல் வரும் நேரத்தில் அந்தக் கோப்பை யாரும் திறக்க மாட்டார்கள்.

குவினஹாக்கில் இப்போது மீட்டெடுத்த ஆயிரம் பொருள்களையும் பதப்படுத்த வேண்டும். மரம் தண்ணீரில் காலவரையின்றிக் கிடக்க முடியாது, கூடிய சீக்கிரம் அந்த மெழுகுக் குளியல் தொடங்கியாக வேண்டும், அதற்கு ரசாயனமும் ஆளும் காசும் வேண்டும். களத்தில் இன்னும் மிச்சம் இருக்கும் பகுதியைத் தோண்டுவதா என்ற கேள்வியும் மறுபடி ஊர்க் கூட்டத்துக்கு வந்தாக வேண்டும். இந்தமுறை பேசி முடிக்க அவ்வளவு காலம் கிடைக்காது.